கதிரவன் ஒளியும் குழந்தையின் மூச்சும்

எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 1997ஆம் ஆண்டில் வெளிவந்தன. நிமோனியாக் காய்ச்சலுடன் அங்குச் சேர்க்கப்பட்ட, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 500 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். நிமோனியா இல்லாத வேறு 500 குழந்தைகளையும் அவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். முதற் கூட்டத்தில் 210 குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு மென்மை நோய் இருந்தது. இரண்டாவது கூட்டத்தில் 20 பேருக்கு மட்டுமே இருந்தது. குடும்பத்தின் அளவு, வீட்டு நெரிசல், தாய்ப்பால் மட்டும் குடித்த காலம் போன்ற பிற வேறுபாடுகளின் விளைவைக் கணக்கில் கழித்த பிறகும், ரிக்கெட்ஸ் உள்ள குழந்தைக்கு நிமோனியா வரும் வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 13 மடங்கு மிகுந்திருந்தது.

ரிக்கெட்ஸ் பெரும்பாலும் வைட்டமின் டி குறைவதால் வருவது. வைட்டமின் டியோ வெயில் நம் தோலில் உண்டாக்கித் தருவது. அடிஸ் அபாபா நிலநடுக்கோட்டிற்கு 9 பாகை வடக்கேதான் உள்ளது. கடல் மட்டத்திற்கு 2,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஊர். அங்கே வெயிலுக்கு என்ன பஞ்சம்? எலும்பு நோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் என்ன உறவு? வைட்டமின் டி கொடுத்துவிட்டால் நிமோனியா வராமல் தடுத்துவிடலாமா?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. உலகில் ஐந்து வயதை எட்டாத குழந்தைகளில் 2019ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 7 இலட்சத்து 40 ஆயிரம் பேர் நிமோனியாவால் மடிந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. சில காசுகளுக்குக் கிடைக்கும் ஒரு பொருள் இவர்களுள் ஒரு பகுதியினரையாவது காப்பாற்றுமாயின், அதைவிட நல்ல செய்தி வேறில்லை. ஆனால் ‘காப்பாற்றுமாயின்’ என்ற சொல்லை அவ்வளவு எளிதில் தாண்டிச் செல்ல முடியாது. இக்கட்டுரையை எழுதுபவன் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே வெயிலிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு குச்சியும் அதன் நிழலும்

நம் தோலில் 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள் உண்டு. அதன் மூலக்கூற்றில் உள்ள கரிம வளையம் ஒன்றை உடைத்துத் திறந்தால் அது வைட்டமின் டியின் முன்வடிவமாக மாறும். பிறகு உடல் வெப்பமே அதை வைட்டமின் டி ஆக்கிவிடும். வளையத்தை உடைப்பதற்குத்தான் ஒளி வேண்டும். எந்த ஒளியும் போதாது. ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புறஊதாக் கதிர்களே இதைச் செய்யவல்லவை. 300 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டான் சுமார் 4.1 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள செம்மஞ்சள் ஒளியின் ஃபோட்டானுக்கு அதில் பாதிதான் உண்டு. பாதி ஆற்றலுள்ள ஃபோட்டான்கள் எத்தனை கோடி வந்து விழுந்தாலும் வளையம் திறக்காது. தோல் சூடேறும், அவ்வளவே. வெயில் ‘சுடுகிறது’ என்பதற்கும், வெயில் வைட்டமின் தருகிறது என்பதற்கும் தொடர்பில்லை என்பதை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இந்தப் புறஊதாக் கதிர்களுக்கு ஒரு காவற்காரன் இருக்கிறான். வான்வெளியின் மேலடுக்கில் பரவியுள்ள ஓசோன் வாயுவே அது. அதை முழுவதும் திரட்டித் தரைக்குக் கொண்டுவந்து நம் காற்றழுத்தத்தில் வைத்தால் 3 மில்லிமீட்டர் கனம்தான் வரும். அந்த மூன்று மில்லிமீட்டர், நேர் செங்குத்தாக வரும் 300 நானோமீட்டர் கதிரில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கையே கீழே விடுகிறது. கதிர் சாய்ந்து வந்தால் அது ஓசோனுக்குள் கடக்க வேண்டிய பாதை நீளுகிறது. பாதை இரு மடங்கானால் ஒளி பாதியாகும் என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்தைந்தில் ஒன்றில் இருபத்தைந்தில் ஒன்று, அதாவது 625இல் ஒரு பங்குதான் வரும். மும்மடங்கானால் 15,625இல் ஒன்று. கணக்கில் அடுக்கு ஏறும்போது உலகில் என்ன நடக்கிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இதுதான் நடக்கிறது.

இதை அளக்கக் கருவி வேண்டியதில்லை. ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, நண்பகலில் அதன் நிழலை அளந்து பாருங்கள். சென்னையில் டிசம்பர் 21ஆம் நாள், ஆண்டிலேயே சூரியன் மிகத் தாழ்ந்து செல்லும் காலத்திலும், நிழல் முக்கால் மீட்டர்தான் இருக்கும். அதே நாளில் மங்கோலியத் தலைநகரான உலான் பாத்தரில் நிழல் ஏறத்தாழ 3 மீட்டர். அங்கே கதிரின் பாதை மும்மடங்கு. ஆகவே குளிர்காலத்தில் வெயில் அடித்தாலும் வைட்டமின் டி கிடைப்பதில்லை. நிழல் குச்சியைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே வைட்டமின் டி கிடைக்கும் நேரம் என்று ஒரு எளிய விதியாகக் கொள்ளலாம்.

நம் வீடுகளில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் காலை இளவெயிலில் கிடத்தும் வழக்கம் உண்டு. இளஞ்சூடும் பாட்டியின் கையும் குழந்தைக்கு இதமானவை, குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு நிழல் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். அந்த வெயிலில் நாம் தேடும் கதிர் பெயரளவுக்கே உள்ளது. சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அதுவும் இல்லை. சாதாரணக் கண்ணாடி ஒளியை விடும்; இந்தக் கதிர்களை விடாது.

இப்போது முதற் கேள்விக்கு விடை தெரிகிறது. வானில் வெயில் இருப்பது வேறு, தோலில் வெயில் விழுவது வேறு. குளிருக்கும் கண்ணேறுக்கும் அஞ்சித் துணியில் பொதிந்து வீட்டுக்குள் வைத்த குழந்தைக்கு, நிலநடுக்கோட்டில் பிறந்தாலும் ஒன்றுதான், வட துருவத்தில் பிறந்தாலும் ஒன்றுதான். கருமையான தோலில் உள்ள நிறமி அதே கதிர்களை உறிஞ்சிவிடுவதால், அத்தகைய தோலுக்குக் கூடுதல் நேரமும் வேண்டும். தாய்ப்பாலோ எல்லா வகையிலும் சிறந்ததாயினும் வைட்டமின் டி மட்டும் அதில் மிகக் குறைவு.

காற்றின் மாசும் ஒரு திரை. டில்லியில் புகை மிகுந்த மோரி கேட் பகுதியைச் சேர்ந்த 26 கைக்குழந்தைகளின் இரத்தத்தையும், அப்போது மாசு குறைவாக இருந்த குர்காவ்ன் பகுதியைச் சேர்ந்த 34 குழந்தைகளின் இரத்தத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2002இல் வெளிவந்தது. வைட்டமின் டியின் அளவு முதற் பகுதியில் சராசரியாக மில்லிலிட்டருக்கு 12.4 நானோகிராம், இரண்டாவதில் 27.1. இரண்டு ஊர்களுக்கும் இடையே பெரிய தொலைவில்லை. வானம் மட்டும் வேறு. இந்திய அரசு 2016 முதல் 2018 வரை நடத்திய நாடளாவிய குழந்தை ஊட்ட ஆய்வில், ஒன்று முதல் நான்கு வயதினருள் 14 விழுக்காட்டினருக்கும், ஐந்து முதல் ஒன்பது வயதினருள் 18 விழுக்காட்டினருக்கும், பத்து வயதைக் கடந்த வளரிளம் பருவத்தினருள் 24 விழுக்காட்டினருக்கும் இக்குறை காணப்பட்டது. வயது ஏற ஏறக் குறை கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஓடியாடும் வயதில் குறைய வேண்டிய குறை கூடுகிறது என்றால், நண்பகல் முழுவதும் பிள்ளைகள் கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

எலும்புக்கு அப்பால்

வைட்டமின் டி எலும்புக்கானது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1919இல் பெர்லினில் ஹூல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் நோயுற்ற குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் புறஊதா ஒளியில் வைத்துக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளியைச் செலுத்தியபோது மறு கையின் எலும்பும் தேறியது. ஆகவே தோலில் உண்டாகும் ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது என்பது விளங்கிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் மெல்லன்பி மீன் எண்ணெயால் நாய்க்குட்டிகளின் ரிக்கெட்ஸ் நோயைத் தடுத்துக் காட்டினார். 1922இல் அமெரிக்காவின் மெக்காலம் மீன் எண்ணெயிலுள்ள அப்பொருளைப் பிரித்தறிந்தார். ஏ, பி, சி ஆகிய எழுத்துகள் முன்பே போய்விட்டதால் டி என்ற எழுத்து இதற்குக் கிடைத்தது.

தோலில் உண்டான வைட்டமின் டி முதலில் ஈரலிலும் பின்னர் சிறுநீரகத்திலும் சிறிது மாற்றம் பெற்றே வேலைக்குத் தகுதியாகிறது. அது குடலிலிருந்து சுண்ணாம்புச் சத்தை இரத்தத்துக்குள் சேர்க்கும். பாடநூல்கள் இத்துடன் நிறுத்திவிடும்.

கதை அதற்குப் பிறகும் தொடர்கிறது. கிருமிகளை விழுங்கும் பெரிய வெள்ளணுக்கள் சிறுநீரகத்தின் வேலையைத் தாமே செய்துகொள்ள வல்லவை. காசநோய்க் கிருமி போன்ற ஒன்றை அவ்வணு உணர்ந்தவுடன், இரத்தத்திலுள்ள வைட்டமின் டியை எடுத்து, தனக்குள்ளேயே அதைச் செயல்வடிவமாக மாற்றி, அதன் தூண்டுதலால் கதெலிசிடின் என்னும் புரதத்தை உண்டாக்குகிறது. இது கிருமியின் மேற்சவ்வைக் கிழிக்கும் இயற்கை மருந்து. லாஸ் ஏஞ்சலிஸ் நகர ஆய்வாளர்கள் 2006இல் இதை வெளியிட்டனர். வைட்டமின் டி குறைந்த இரத்த நீரில் வைத்த அணுக்கள் இப்புரதத்தைக் குறைவாகவே உண்டாக்கின. வைட்டமினைச் சேர்த்ததும் அந்தக் குறை நீங்கியது.

ஆக, எலும்பு நோயும் நுரையீரல் நோயும் சேர்ந்து வருவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வேறொரு காரணமும் உண்டு; அது என் துறையைச் சார்ந்தது. மார்புக் கூடு ஒரு துருத்தி. விலா எலும்புகள் விறைப்பாக இருந்தால்தான் துருத்தி இழுக்கும்போது காற்று உள்ளே வரும். ரிக்கெட்ஸ் நோயில் விலா எலும்பு மென்மையாகிறது, தசையும் தளர்கிறது. உள்ளே அழுத்தம் குறையும்போது விலாக்களே உட்குழிந்துவிடும். அப்படிப்பட்ட குழந்தையால் ஆழ மூச்சிழுக்கவும் முடியாது, வலுவாக இருமிச் சளியை வெளியேற்றவும் முடியாது.

ஆய்வுக் கூடம் ஒப்புகிறது, துருத்திக் கணக்கும் ஒப்புகிறது, எத்தியோப்பிய எண்களும் ஒப்புகின்றன. இனி என்ன தடை, மருந்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். பலருக்கும் அப்படித்தான் தோன்றியது.

காபூலில் நடந்தது

இரண்டு பொருள்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. வறுமைப்பட்ட வீட்டில் வெளிச்சமும் குறைவு, அடுப்புப் புகையும் அதிகம், ஒரே அறையில் பலர் உறங்குகின்றனர். இவை எல்லாம் நிமோனியாவுக்கும் வழி செய்யும். வைட்டமின் குறைவுக்கும் துணை நிற்கும். அடிக்கடி நோயுறும் குழந்தையை வெளியே விடுவதுமில்லை. காய்ச்சலே இரத்தத்திலுள்ள வைட்டமின் டியின் அளவைக் குறைத்துக் காட்டும். கணக்கில் கழிப்பது நாம் அளந்தவற்றை மட்டுமே கழிக்கும். அளக்காதவை அப்படியே இருக்கும்.

ஆகவே சோதித்துத்தான் பார்க்க வேண்டும். குழந்தைகளைச் சீட்டுப் போட்டு எடுப்பதுபோல் இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்கு மருந்தும், மற்றதற்கு அதே நிறமும் சுவையும் கொண்ட வெற்று மருந்தும் கொடுப்பது வழக்கம். யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது. சீட்டு முறை அளந்தவற்றையும் அளக்காதவற்றையும் ஒருங்கே சமமாகப் பங்கிட்டுவிடும். இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்துக்குக் கிடைத்த பெருங்கொடை இதுவே என்பது என் எண்ணம்.

ஆப்கானிஸ்தான் தலைநகர் காபூலில் அத்தகைய சோதனை நடந்தது. ஒன்று முதல் பதினொரு மாதம் வரையுள்ள 3,046 கைக்குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு இலட்சம் அலகு வைட்டமின் டி, பதினெட்டு மாதங்கள் கொடுக்கப்பட்டது. (40 அலகு ஒரு மைக்ரோகிராம்; ஒரு இலட்சம் அலகு என்பது இரண்டரை மில்லிகிராம்தான்.) முடிவு 2012இல் வெளிவந்தது. வைட்டமின் பெற்றவருள் 260 பேருக்கும், வெற்று மருந்து பெற்றவருள் 245 பேருக்கும் நிமோனியா வந்தது. பயன் ஒன்றுமில்லை. அதைவிட, ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வருவது வைட்டமின் பெற்ற கூட்டத்தில் கூடுதலாகவே இருந்தது.

அதே 2012இல் உலான் பாத்தரிலிருந்து நேர்மாறான செய்தி வந்தது. நாம் மேலே பார்த்த அந்த மூன்று மீட்டர் நிழல் ஊர்தான். அங்கே 247 பள்ளிக் குழந்தைகளுக்குக் குளிர்காலத்தில் நாள்தோறும் பால் கொடுத்தனர். சிலரது பாலில் 300 அலகு வைட்டமின் டி சேர்த்திருந்தனர். வெறும் பால் குடித்தவர்களுக்கு மூன்று மாதங்களில் தலைக்குச் சராசரியாக 0.80 தடவை சளித் தொற்று வந்தது. வைட்டமின் சேர்த்த பால் குடித்தவர்களுக்கு 0.45 தடவை. ஜப்பானில் 2008-2009 குளிர்காலத்தில் 334 பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த சோதனையில், நாள்தோறும் 1,200 அலகு பெற்ற 167 பேரில் 18 பேருக்கும், மற்ற 167 பேரில் 31 பேருக்கும் ஏ வகை இன்ஃபுளுவென்சா வந்தது.

ஏன் இந்த முரண்பாடு? மங்கோலியக் குழந்தைகளின் இரத்தத்தில் தொடக்கத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 7 நானோகிராம் அளவே இருந்தது. வறண்ட நிலத்துக்குத்தான் ஒரு குடம் நீரும் பெரிது. கனடாவில் டொரான்டோ நகரில் 703 சிறு குழந்தைகளுக்கு நாளுக்கு 2,000 அலகும் 400 அலகும் கொடுத்து ஒப்பிட்டபோது (2017) சளித் தொற்று இரு சாராருக்கும் ஒரே அளவில் வந்தது. போதுமானதைப் பெற்றவனுக்கு மேலும் கொடுப்பதால் பயனில்லை. கொடுக்கும் முறையும் ஒரு காரணமாகலாம். திடீரென்று பேரளவு வந்து சேரும்போது அதைச் சிதைக்கும் நொதியை உடல் மிகுதியாகச் சுரக்கிறது. வெள்ளம் வடிந்த பின்னும் அந்த நொதி வேலை செய்துகொண்டிருக்கும் என்பர் சிலர். இது விளக்கமே தவிர நிலைநாட்டப்பட்ட உண்மை அன்று.

காசநோய்க் கிருமியை ஆய்வுக் கூடத்தில் வைட்டமின் டி வென்றது என்றோம் அல்லவா? மங்கோலியாவிலேயே 8,851 பள்ளிப் பிள்ளைகளிடம் மூன்று ஆண்டுகள், வாரந்தோறும் 14,000 அலகு கொடுத்துப் பார்த்தனர். 2020இல் வெளியான முடிவின்படி, வைட்டமின் பெற்றவருள் 3.6 விழுக்காட்டினருக்கும் பெறாதவருள் 3.3 விழுக்காட்டினருக்கும் காசநோய்த் தொற்று ஏற்பட்டிருந்தது. குடுவைக்குள் நடப்பது அனைத்தும் குழந்தைக்குள் நடப்பதில்லை.

பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிடும் முறையும் உண்டு. பெரியோரும் சிறியோரும் அடங்கிய 25 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியிட்ட கணக்கு, வைட்டமின் டி மூச்சுத் தொற்றின் வாய்ப்பு விகிதத்தை 12 விழுக்காடு குறைக்கிறது என்றது. கடுங்குறை உள்ளோர்க்கும், நாள்தோறும் அல்லது வாரந்தோறும் சிறு அளவில் பெற்றோர்க்கும் பயன் மிகுதி என்றும் கூறிற்று. செய்தித்தாள்கள் கொண்டாடின. புதிய சோதனைகள் சேரச் சேர அந்த எண் தேய்ந்தது. 2025இல் 46 சோதனைகளையும் 64,000க்கு மேற்பட்டவர்களையும் கொண்ட கணக்கில் அது 6 விழுக்காடாகிவிட்டது. அதுவும் தற்செயலாக வந்திருக்கக்கூடும் என்ற எல்லையில் நிற்கிறது. குறையுள்ளோர்க்குக் கூடுதல் பயன் என்ற பழைய வேறுபாடும் இம்முறை தெளிவாகத் தென்படவில்லை.

இத்தனையும் படித்தபின், குழந்தைக்கு வைட்டமின் டி வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும், எலும்புக்காக வேண்டும். முதல் ஆண்டில் நாளுக்கு 400 அலகு என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் அளவு. கைக்குழந்தையை நண்பகல் வெயிலில் காட்டுவதைவிட, மருத்துவர் சொற்படி சொட்டு மருந்து கொடுப்பதே பாதுகாப்பானது. ஓடியாடும் பிள்ளைகளைக் குட்டை நிழல் நேரத்தில் சிறிது நேரம் வெளியே விளையாட விடலாம். ரிக்கெட்ஸ் இல்லாத விலா எலும்பு நல்ல துருத்தியாக இருக்கும் என்பதில் எந்த ஐயமும் இல்லை. அடிஸ் அபாபாவில் கண்டது கடுங்குறையின் விளைவு. அந்த நிலைக்குக் குழந்தையை வரவிடாதிருப்பது ஒன்று, சளிக்கு மருந்தென்று நம்பிப் புட்டி புட்டியாக ஊற்றுவது மற்றொன்று.

இரண்டாவதில் ஆபத்தும் உண்டு. வெயில் தானே தடை போட்டுக்கொள்ளும். தோலில் முன்வடிவம் மிகுந்தால் அதே ஒளி அதை வேறு பயனற்ற பொருள்களாக மாற்றிவிடும். ஆகவே வெயிலால் தோல் புண்ணாகலாம், வைட்டமின் டி நஞ்சாவதில்லை. புட்டிக்கு அந்தத் தடை இல்லை. 1950களில் பிரிட்டனில் பால் மாவு முதலிய பல உணவுகளில் வைட்டமின் டியை அளவுக்கு மேல் கலந்ததால், கைக்குழந்தைகள் இரத்தத்தில் சுண்ணாம்பு மிகுந்து வாடினர். பின்னர் அளவைக் குறைத்தனர்.

நிமோனியா வந்த பின் இதைக் கொடுத்து வேகமாகக் குணப்படுத்தலாமா என்பதும் சோதிக்கப்பட்டுவிட்டது. கடும் நிமோனியாவுடன் வந்த 200 குழந்தைகளிடம் டில்லியில் நடந்து 2012இல் வெளியான சோதனையில், ஐந்து நாள் வைட்டமின் டி கொடுத்தும் நோய் விரைவில் தணியவில்லை. ஆகவே இருமும் குழந்தைக்குச் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, வயிறும் மார்பும் எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, பன்னிரண்டு மாதத்துக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயதுக்குட்பட்டதற்கு 40. எண்ணிக்கை இந்த அளவை எட்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழ்ப்பகுதி உட்குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, பொழுது விடியட்டும் என்று பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.